பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவன் பயணப் படங்கள்: வீடு திரும்பியபின் எவற்றை வைத்துக்கொள்வது, எந்த வரிசையில் அடுக்குவது?

நீர்ப்பாதை (இலண்டன்) எழுதியது:

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில், பாத் நகரத்துக்குச் சற்றுத் தென்கிழக்கே, ஏவன் ஆற்றங்கரையில் இருக்கும் பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவன் என்னும் சிற்றூரில் நவம்பரில் தங்கிப் படமெடுத்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறேன். கோப்புகளை இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் நகலெடுத்து, ஒன்றை வேறிடத்தில் வைத்தாகிவிட்டது. உங்களிடம் ஆலோசனை கேட்க விரும்புவது தேர்வையும் வரிசையையும் பற்றி.

அந்த ஊரைப் பற்றி வெளிவரும் படங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரியானவை. தேன்நிறக் கல் வீடுகள், சன்னலோரப் பூத்தொட்டிகள், பாலத்தின் அடியில் மிதக்கும் அன்னங்கள், மலைமேல் நின்று பார்த்தால் தெரியும் கூரைகள். அவை அழகானவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊர் அழகுக்காகக் கட்டப்பட்டதன்று. பல நூற்றாண்டுகள் கம்பளித் துணி நெய்து பிழைத்த ஊர் அது. ஆற்றங்கரையில் ஆலைகள், நடுவில் துணி வணிகர்களின் பெரிய வீடுகள், சரிவின் மேலே மிடில் ரேங்க், டோரி என்று அடுக்கடுக்காக ஏறிப்போகும் நெசவாளர் காலத்து வீட்டு வரிசைகள் என்று அதன் அமைப்பே உழைப்பின் அமைப்பு. 1791இல் கம்பளியைச் சிக்கெடுக்கும் இயந்திரம் ஒன்றைத் துணி உற்பத்தியாளர் ஒருவர் கொண்டுவந்தபோது, தம் பிழைப்பு போய்விடும் என்று அஞ்சிய தொழிலாளர்கள் அவர் வீட்டின் முன் கூடினார்கள். வீட்டிலிருந்து சுடப்பட்டதில் மூன்று பேர் இறந்தார்கள். பின்னர் அந்த இயந்திரம் பாலத்தின் மேல் எரிக்கப்பட்டது. இன்று எல்லோரும் அன்னங்களைப் படமெடுக்க நிற்கும் பாலம் அதுதான்.

கம்பளித் தொழில் நலிந்தபோது, 1848இல் ஸ்டீஃபன் மோல்ட்டன் ஆற்றங்கரையில் காலியாக இருந்த கிங்ஸ்டன் ஆலையில் ரப்பர் தொழிலைத் தொடங்கினார். அவருடைய கொள்ளுப்பேரன் அலெக்ஸ் மோல்ட்டன்தான் மினி காருக்கு ரப்பர் சஸ்பென்ஷனை வடிவமைத்தவரும், 1962இல் சிறு சக்கர சைக்கிளை வெளியிட்டவரும். ஆக, இந்த ஊரின் வரலாறு ஓடும் தண்ணீரைச் சுற்றியே இருக்கிறது.

எனவே, அழகான படங்களை முன்னே வைத்து மற்றவற்றைப் பின்னே தள்ளும் வழக்கத்தை விட்டுவிட்டு, ஆற்றில் தொடங்கி ஆலை, கடைத்தெரு, வணிகர் வீடு, நெசவாளர் வரிசை என்று மேல்நோக்கிச் செல்லும் ஒரு தொகுப்பாக அடுக்கலாம் என்று கருதுகிறேன். இப்படிச் செய்தால் ஒளியிலும் சட்டகத்திலும் சிறந்த சில படங்கள் வெளியே போய்விடும். சுமாரான சில படங்கள் உள்ளே வந்துவிடும். இது சரியான விலைதானா? உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

அச்சுமேசை (கோயம்புத்தூர்) எழுதியது:

உங்கள் நோக்கத்தோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் வரிசையைத் தீர்மானிக்கும் முன் கல்லின் நிறத்தைத் தீர்மானித்துவிடுங்கள். இல்லாவிட்டால் தொகுப்பு முழுவதும் ஒவ்வொரு பக்கத்திலும் வேறு வேறு ஊராகத் தெரியும்.

அந்த வட்டாரத்தின் பாத் கல் என்பது ஜுராசிக் காலத்துச் சுண்ணாம்புக்கல். மீன் சினை போன்ற நுண்ணிய உருண்டை மணிகள் ஒன்றோடொன்று இறுகி உருவானது. அதன் இயல்பான நிறமே மஞ்சள் சாய்ந்த வெளிர் நிறம். சட்டகம் முழுவதும் இந்தக் கல்லாகவே இருந்தால், கேமராவின் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் (ஒளியின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சமன்செய்யும் வசதி) அந்த மஞ்சளை விளக்கொளியால் வந்த மஞ்சள் என்று கணித்து, அதைக் குறைத்து நீலத்தைச் சேர்த்துவிடும். அதே தெருவில் கொஞ்சம் வானமும் கருங்கற்பலகைக் கூரையும் சட்டகத்துக்குள் வந்துவிட்டால் கணிப்பு வேறாகும். அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களில் ஒரே சுவர் இரண்டு நிறங்களில் இருப்பது இதனால்தான்.

‘ரா’ கோப்புகளாக, அதாவது கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவுகளாக, எடுத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்படியானால் எல்லாப் படங்களையும் முதலில் 5500 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) என்ற ஒரே பகலொளி அளவில் நிறுத்துங்கள். மேகமூட்டத்தில் எடுத்தவை சற்று நீலமாகவும் மாலை வெயிலில் எடுத்தவை சற்றுச் செம்மையாகவும் தெரியும். அந்த வேறுபாடு நாளின் வேறுபாடு, அதை அழிக்கத் தேவையில்லை. மழையில் நனைந்த கல் கருத்துச் செம்மஞ்சளாகத் தெரியும். அதையும் வெயிலில் காய்ந்த கல்லைப் போல வெளுப்பாக்கிவிடாதீர்கள்.

இன்னொன்று. இன்று ‘தேன்நிறம்’ என்று எல்லோரும் சொல்வதால், மென்பொருளில் செம்மஞ்சளின் அடர்த்தியை இழுத்து ஏற்றும் பழக்கம் பரவியிருக்கிறது. அப்படிப் பதப்படுத்தப்பட்ட படங்களைப் பார்த்துப் பழகிய கண், உண்மையான கல்லை வெளிறிப்போனதாக எண்ணுகிறது. இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

கருப்புத்துணி (சென்னை) எழுதியது:

நிறம் பற்றிய இவ்வளவு கவலையும் ஒரே முடிவில் தீர்ந்துவிடுமே. முழுத் தொகுப்பையும் கருப்பு வெள்ளையில் செய்யுங்கள்.

இதை நான் எளிதாகச் சொல்லவில்லை. நீங்கள் சென்ற ஊருக்கு அருகிலேயே லேக்காக் என்னும் ஊர் இருக்கிறது. புகைப்படக் கலையின் முன்னோடி வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1835 ஆகஸ்டில், தம் வீடாக இருந்த லேக்காக் மடாலயத்தின் சன்னல் ஒன்றைத் தபால்தலை அளவே உள்ள காகிதத்தில் நெகட்டிவாக (ஒளியும் நிழலும் இடம்மாறிய பதிவாக) எடுத்தார். இன்றும் எஞ்சியிருக்கும் மிகப் பழைய நெகட்டிவ் அதுதான். எடுத்த புதிதில், ஏறத்தாழ 200 கண்ணாடிச் சில்லுகளையும் உருப்பெருக்கியின் உதவியால் எண்ண முடிந்தது என்று அதன் அருகில் அவரே எழுதி வைத்தார். ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனை படிகள் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற முறை அந்த நிலத்தில்தான் பிறந்தது.

அதைவிட இந்த இழைக்கு நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. தொடக்கத்தில் காகிதம் ஒளியிலேயே கருத்து உருவம் தெரியும்வரை கேமராவைத் திறந்து வைத்திருக்க வேண்டியிருந்தது. 1840 செப்டம்பரில், கண்ணுக்குத் தெரியாத உருவம் காகிதத்தில் ஒளிந்திருக்கும் என்றும், பின்னர் வேதிப்பொருளால் அதை வெளிக்கொணரலாம் என்றும் டால்பட் கண்டறிந்தார். 1841இல் கேலோடைப் என்ற பெயரில் காப்புரிமை பெற்றார். எடுப்பது ஒரு வேலை, திரும்பி வந்து வெளிக்கொணர்வது இன்னொரு வேலை என்ற பிரிவினை அன்றுதான் ஏற்பட்டது. நாம் இங்கே விவாதிப்பது அந்த இரண்டாவது வேலையைத்தான்.

ஆலைச் சுவர், கூரைச் சரிவு, படிக்கட்டு ஆகியவற்றின் வடிவமும் எடையும் கருப்பு வெள்ளையில்தான் நிற்கும். நிறம் இருக்கும்வரை பார்ப்பவர் ‘எவ்வளவு அழகான ஊர்’ என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவார். நீங்கள் எதிர்க்க விரும்புவது அதைத்தானே?

நீர்ப்பாதை எழுதியது:

கருப்புத்துணி ஐயா, லேக்காக்குக்கும் சென்றிருந்தேன். அந்தச் சன்னலின் முன் நிற்பது எந்தப் புகைப்படக்காரருக்கும் பெரிய பேறு. டால்பட் 1844 முதல் 1846 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட ‘தி பென்சில் ஆஃப் நேச்சர்’ நூலில் இருக்கும், திறந்த கதவோரம் துடைப்பம் சாய்த்து வைத்த படத்தை நினைத்துக்கொண்டுதான் அங்கிருந்து நடந்தேன். அன்றாடப் பொருள்களை வரைந்த டச்சு ஓவியர்களையே அவர் அந்தப் படத்துக்கு ஆதாரமாகக் காட்டினார். மடாலயத்தின் உரிமையாளருக்குத் தம் வீட்டின் துடைப்பம் படத்துக்குரியதாகத் தெரிந்தது என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

எனினும் நிறத்தை விட்டுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்த ஊரில் நிறம் ஒரு சான்று. துணி வணிகரின் மாளிகையும், ஆலையும், மேலே டோரியில் இருக்கும் சிறு வீடும், பாலத்தின் மேல் இருக்கும் சிறு சிறைக்கூடமும் ஒரே வட்டாரத்துக் கல்லால் ஆனவை. வணிகருக்கு அது மழமழவென்று இழைத்து அடுக்கிய கல். நெசவாளருக்குப் பெரும்பாலும் கரடுமுரடான துண்டுக் கல். பொருள் ஒன்று, வேலைப்பாடு வேறு. கருப்பு வெள்ளையில் வேலைப்பாட்டின் வேறுபாடு தெரியும். பொருளின் ஒற்றுமை தெரியாமல் போய்விடும். எனக்கு இரண்டும் வேண்டும்.

வில்ட்ஷயர்வாசி (டிரோபிரிட்ஜ்) எழுதியது:

நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன். பக்கத்து ஊரில் நீண்ட காலமாக வசித்து, பணி நிமித்தம் பிராட்ஃபோர்டுக்கு அடிக்கடி சென்று வருகிறவன். உங்கள் திட்டம் நல்லது, தம்பி. ஆனால் ஒரு வேண்டுகோள்.

பயணிகளின் தொகுப்புகளில் இந்த ஊரில் மனிதர்களே இருப்பதில்லை. நகரப் பாலத்தில் நாள் முழுவதும் வாகன நெரிசல்; அந்தப் பாலம் ஊரின் முதன்மைப் போக்குவரத்து வழி. நடைபாதையோ குறுகியது. லாரி கடக்கும்போது சுவரோடு ஒட்டி நிற்க வேண்டியிருக்கும். ஆனால் படங்களில் பாலம் வெறிச்சோடிக் கிடக்கும். சிலர் விடியுமுன் போய் எடுக்கிறார்கள், அது அவர்களின் உழைப்பு. வேறு சிலர் வீட்டுக்குப் போய் மென்பொருளால் கார்களையும் கம்பிகளையும் குப்பைத் தொட்டிகளையும் அழித்துவிடுகிறார்கள். உழைப்பின் ஊர் என்று சொல்லிவிட்டு, இன்று அங்கே வேலைக்குப் போகிறவர்களின் வாகனங்களை அழிப்பது முறையாகாது.

ஆற்றங்கரையில் உயர்ந்து நிற்கும் ஏபி மில் 1875இல் துணி ஆலையாகக் கட்டப்பட்டது. பிறகு ரப்பர் தொழிலுக்குப் போனது. இப்போது முதியோர் வசிக்கும் குடியிருப்பு. அதன் சன்னல்களில் திரைச்சீலைகள் தெரிந்தால் தெரியட்டும். ஆலையின் பழைய தோற்றத்தை மீட்க வேண்டும் என்பதற்காகத் திரைச்சீலைகளை இருட்டாக்கிவிடாதீர்கள். பொது வழியில் நின்று கட்டடங்களைப் படமெடுக்க இந்த நாட்டுச் சட்டத்தில் தடையில்லை. ஆனால் சன்னலுக்குப் பின்னால் ஒருவரின் முகம் அடையாளம் தெரியும்படி விழுந்திருந்தால், அந்தப் படத்தை ஒதுக்கிவைப்பதே நல்ல மனிதத்தன்மை.

பெரியகோயில்வாசல் (தஞ்சாவூர்) எழுதியது:

இந்த விவாதத்தை ஆர்வத்தோடு வாசித்து வருகிறேன். டால்பட் பெயர் வந்தபின் லின்னேயஸ் டிரைப்பை நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பிறந்து, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராகப் பணியாற்றியவர் அவர். 1858இல் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்தார். மெழுகேற்றிய காகித நெகட்டிவில் தேர்ந்தவர். டால்பட்டின் காகித முறையிலிருந்து கிளைத்த முறை அது. முன்கூட்டியே காகிதத்தைத் தயாரித்துக்கொண்டு போய், எடுத்தபின் பொறுத்திருந்தும் உருவத்தை வெளிக்கொணரலாம் என்பதால் பயணிகளுக்கு ஏற்றதாக இருந்தது.

அவருடைய இரண்டு செயல்கள் இந்த இழைக்கு நேரடியாகப் பொருந்தும். முதலாவது, பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிச் செல்லும் கல்வெட்டுகளை அவர் பகுதி பகுதியாக எடுத்து, 21 படிகளை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். எந்தப் பகுதி அழகு, எந்தப் பகுதி அழகில்லை என்று அவர் தேர்ந்தெடுக்கவில்லை. கல் எங்கே சென்றதோ அங்கே கேமராவும் சென்றது. எழுத்தைத் தொடர்ந்து வாசிக்க வேண்டுமென்றால் ஒரு துண்டைக்கூட விட முடியாது. நண்பர் நீர்ப்பாதை அவர்கள் டோரி வரிசையை வீடு வீடாக எடுத்திருந்தால், அதில் சுமாரான வீட்டை நீக்காமல் வரிசையாகவே வைக்கலாம் என்பது என் எண்ணம். சுமாரான படத்துக்கு இடம் கொடுப்பது சரியான விலையா என்று கேட்டீர்கள். தொடர்ச்சியே பொருளாக இருக்கும்போது அது சரியான விலைதான்.

இரண்டாவது, 1855இல் பர்மாவில் எடுத்த காகித நெகட்டிவ்கள் சிலவற்றில் டிரைப் கையால் மேகங்களைத் தீட்டினார். படத்தில் இல்லாததைச் சேர்ப்பது கணினியோடு வந்த பழக்கமன்று.

அச்சுமேசை எழுதியது:

டிரைப் பற்றிய தகவலுக்கு நன்றி. ஆனால் அந்த மேகங்களை இன்று வானத்தையே மாற்றிப் பொருத்தும் வசதிக்கு முன்மாதிரியாகக் கொள்ள இயலாது. அந்தக் காலத்து வேதிப்பொருள்கள் நீல ஒளிக்கே மிகுதியாக வினைபுரிந்தன. தரைக்குத் தேவையான நேரம் திறந்து வைத்தால் வானம் முழுவதும் வெறும் வெள்ளையாகிவிடும். மேகம் இருந்தாலும் பதியாது. கருவியால் முடியாததை அவர் கையால் நிரப்பினார். இன்றைய கேமராவில் நவம்பர் மாதத்து இங்கிலாந்து வானத்தின் சாம்பல் நிறம் அதன் எல்லாப் படிநிலைகளோடும் பதிந்திருக்கும். அதை எடுத்துவிட்டு வேறு நாட்டு அந்திவானத்தை ஒட்டுவது நிரப்புதல் அன்று, மறைத்தல்.

பெரியகோயில்வாசல் எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். நான் முன்னுதாரணமாகச் சொல்லவில்லை, வரலாறாகவே சொன்னேன்.

ஒளி பற்றி ஒரு சிறு குறிப்பு மட்டும். தஞ்சையில் டிசம்பர் உச்சிவெயிலிலும் சூரியன் ஏறத்தாழ 56 பாகை உயரத்தில் இருக்கும். பிராட்ஃபோர்டில் அதே நாளின் நண்பகலில் 15 பாகைதான். இங்கே காலையிலும் மாலையிலும் சிறிது நேரம் மட்டுமே கிடைக்கும் சாய்வொளி, அங்கே குளிர்காலத்தில் மேகம் விலகும்போதெல்லாம் கிடைக்கிறது. சரிவும் தெற்கு நோக்கியது என்பதால், சாய்வெயில் அந்த வீட்டு வரிசைகளின் முகத்தில் நேராகப் படும். நம் ஊர் வெயிலுக்குப் பழகிய கண், நிழல்கள் நீண்டிருப்பதைக் கண்டு எல்லாப் படங்களுமே மாலையில் எடுத்தவை என்று எண்ணிவிடும். படக்குறிப்பில் நேரத்தையும் எழுதுங்கள்.

கருப்புத்துணி எழுதியது:

படக்குறிப்பு என்றதும் என் மனத்தில் இருக்கும் கேள்வியை வைத்துவிடுகிறேன். 1791இல் அந்தப் பாலத்தில் இயந்திரம் எரிந்தது என்பது பாலத்தின் படத்தில் எங்கே தெரிகிறது? கல்லில் அதன் தடம் இல்லை. எழுதினால்தான் தெரியும். அப்படியானால் உங்கள் தொகுப்பைத் தாங்கி நிற்பது படமா, எழுத்தா? படமே பேச வேண்டும் என்ற கொள்கையில் வளர்ந்தவன் நான். இந்தக் கேள்வியை அவ்வளவு எளிதாகக் கடக்க முடியவில்லை.

வில்ட்ஷயர்வாசி எழுதியது:

அண்ணா, பாலத்தின் மேலுள்ள அந்தச் சிறைக்கூடத்தின் உச்சியில் மீன் வடிவக் காற்றுத்திசைகாட்டி இருக்கிறது. சிறையில் அடைக்கப்பட்டவரை ‘மீனுக்குக் கீழே, நீருக்கு மேலே’ இருக்கிறார் என்று ஊரார் சொல்வது வழக்கம். அந்தச் சொல்வழக்கை அறியாதவருக்கு அது கூரைமேல் ஒரு மீன். அறிந்தவருக்கு அந்தச் சிறு கதவின் இருட்டே கண்ணில் படும். அறிவு சேர்ந்தபின் அதே படத்தில் கண் போகும் இடம் மாறுகிறது. இதைப் படத்தின் தோல்வி என்று நான் கருதவில்லை.

நீர்ப்பாதை எழுதியது:

உங்கள் எல்லோருடைய கருத்துகளையும் எதிரில் வைத்துக்கொண்டு தொகுப்பை மறுபடி அடுக்கினேன். முடிவுகளைச் சொல்கிறேன்.

தொகுப்பு பாலத்தின் அடியிலிருந்து தொடங்கும். ஒன்பது வளைவுகளில் இரண்டு மட்டும் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றின் அடிப்பகுதியில் கல் நனைந்து கருத்திருக்கும் படம்தான் முதல் படம். பாலத்தின் மேற்பகுதிக்கு வரும்போது வாகனங்கள் இருக்கும், எதையும் அழிக்கவில்லை. அன்னங்கள் தெளிவாக இருந்த படத்தை நீக்கிவிட்டேன். அது நல்ல படம், ஆனால் எந்த ஆற்றிலும் எடுத்திருக்கக்கூடிய படம்.

அடுத்து, 14ஆம் நூற்றாண்டுத் தானியக் களஞ்சியம். இதை எங்கே வைப்பது என்பதில்தான் மிகுதியும் யோசித்தேன். எத்தல்ரெட் மன்னர் 1001இல் இந்த ஊரை ஷாஃப்ட்ஸ்பரி பெண்துறவியர் மடத்துக்குக் கொடுத்தார். அந்த மடத்தின் பண்ணைக்காக எழுப்பப்பட்டது ஏறத்தாழ 51 மீட்டர் நீளமுள்ள அந்தக் களஞ்சியம். உள்ளே இருட்டில் அண்ணாந்து பார்த்தால், கற்பலகைக் கூரையின் பெரும் எடையைத் தாங்கும் வளைந்த மரச் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். விளைந்ததெல்லாம் ஓரிடத்துக்கு வந்து சேர்ந்த கட்டடம் அது. ஆகவே ஆலைகளுக்கு முன்னால், உழைப்பின் முதல் அடுக்காக அதை வைத்திருக்கிறேன். பெரியகோயில்வாசல் அவர்கள் சொன்ன டிரைப்பின் தஞ்சைச் சுருள் இந்த இடத்தில் உதவியது. மரச் சட்டங்களில் சிறந்த ஒன்றை மட்டும் எடுக்காமல், நுழைவாயிலிலிருந்து கடைசிவரை வரிசையாக வைத்துவிட்டேன்.

புனித லாரன்ஸ் சாக்சன் தேவாலயத்தின் படங்களில் இரண்டு மட்டும் இடம்பெறும். நூற்றாண்டுகளாகப் பள்ளியாகவும் வீடாகவும் மற்றக் கட்டடங்களுக்கிடையே மறைந்திருந்து, 1856 வாக்கில் ஊர்ப் பாதிரியார் வில்லியம் ஜோன்ஸின் கண்ணில் பட்ட கட்டடம் அது. பக்கத்து வீடுகளோடு சேர்ந்து தெரியும் வெளிப்புறப் படம் ஒன்று. உயரத்தில் செதுக்கியிருக்கும் இரண்டு வானதூதர் சிற்பங்களின் படம் ஒன்று. சிற்பங்களை அண்ணாந்து எடுத்ததால் சுவர்கள் உள்நோக்கிச் சாய்ந்திருந்தன. மென்பொருளில் முழுவதும் நிமிர்த்தினால் சிற்பங்கள் நீண்டுவிடுகின்றன. ஆதலால் பாதியளவே நிமிர்த்தியிருக்கிறேன். அந்தக் குறுகிய உயர்ந்த அறையில் கழுத்தை வளைத்துத்தான் பார்க்க முடியும் என்பதும் படத்தில் இருக்கட்டும்.

டோரி வரிசை வீடு வீடாகவே வருகிறது. ஏபி மில் சன்னல்களில் திரைச்சீலைகள் அப்படியே இருக்கின்றன. ஒரு முகம் தெரிந்த படத்தை ஒதுக்கிவிட்டேன்.

கருப்புத்துணி ஐயாவின் கேள்விக்கு: 1791 நிகழ்வைப் பாலத்தின் படத்துக்குக் கீழே எழுதப்போவதில்லை. டோரி வரிசை முடிந்தபின், மேலிருந்து பாலம் சிறியதாகத் தெரியும் படத்துக்குக் கீழே எழுதுகிறேன். அந்த வீடுகளின் வாசல்களைப் பார்த்தபின் படித்தால், கூடியவர்கள் எங்கிருந்து இறங்கி வந்திருப்பார்கள் என்று படிப்பவர் தாமே எண்ணிப் பார்ப்பார்.

கருப்புத்துணி எழுதியது:

அந்த இடம் சரியான இடம்தான். கருப்பு வெள்ளை பற்றிய என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. குறைந்தது களஞ்சியத்தின் உட்புறத்தையாவது அப்படி அச்சிட்டுப் பாருங்கள். அங்கே பெரும்பகுதி மரமும் இருட்டும்தான். உங்கள் ‘ஒரே கல்’ வாதம் அங்கே வலுவாகப் பொருந்தாது.

அச்சுமேசை எழுதியது:

அச்சிடும்போது தாளைக் கவனியுங்கள். பளிச்சென்று வெண்மை காட்டும் தாள்களில் ஒளிர்வூட்டும் வேதிப்பொருள் சேர்த்திருப்பார்கள். அது நீலச் சாயல் தரும். பாத் கல்லின் வெளிர்மஞ்சள் அதில் நோயுற்றதுபோலத் தெரியும். அந்த வேதிப்பொருள் சேராத பருத்தித் தாளை எடுத்து, முதலில் மூன்று படங்களை மட்டும் சிறிய அளவில் அச்சிடுங்கள்: நனைந்த பாலம், மேகமூட்டத்தில் டோரி, வெயிலில் வணிகர் மாளிகை. மூன்றையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே ஊர்க் கல்லாகத் தெரிந்தால் மீதியை அச்சுக்கு அனுப்பலாம். இத்தகைய பளபளப்பற்ற (மேட்) தாளில் நிழற்பகுதி ஒரு படி இருண்டுவிடும் என்பதால், களஞ்சியத்தின் உட்புறத்தைத் திரையில் தெரிவதைவிடச் சற்று வெளிச்சமாக வைத்தே அனுப்புங்கள்.

நீர்ப்பாதை எழுதியது:

நன்றி. அந்த மூன்று படங்களையும், களஞ்சியத்தின் உட்புறத்தை நிறத்திலும் கருப்பு வெள்ளையிலும் இரண்டு விதமாகவும் பருத்தித் தாளில் சோதனை அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். வந்ததும் ஒரே வெளிச்சத்தில் வைத்து எடுத்த படங்களை இதே இழையில் இடுகிறேன்.